ஒரே பெயர் இரண்டு முறை

நிரலாக்கம் பயிலத் தொடங்கும் மாணவருக்கு முதல் சில வாரங்களிலேயே கொடுக்கப்படும் பயிற்சிகளுள் ஒன்று, ஒரு பட்டியலில் எந்த உறுப்பாவது இரண்டாம் முறை வந்திருக்கிறதா என்று பார்த்து, 'உண்டு' என்றோ 'இல்லை' என்றோ விடை தரும் சிறிய நிரலை எழுதுவதாகும். நிரல் என்பது கணினி ஒவ்வொன்றாக நிறைவேற்ற வேண்டிய கட்டளைகளின் கோவை. பட்டியல் என்பது எண்களோ பெயர்களோ வரிசையாக வைக்கப்பட்ட தொகுப்பு, இதற்குப் பைத்தான் என்னும் நிரலாக்க மொழியில் லிஸ்ட் என்று பெயர். அமெரிக்கப் பேராசிரியர் ஆலன் டௌனி தொடக்கநிலையினருக்காக எழுதிய 'திங்க் பைத்தான்' நூலில், பட்டியல்களைப் பற்றிய அதிகாரத்தின் பயிற்சிகளுள் இதுவும் இடம்பெற்றுள்ளது. தமிழ்நாட்டின் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலும் பைத்தானின் லிஸ்ட், செட் ஆகிய இரண்டையும் ஒரே பாடத்தில் கற்பிப்பதால், இக்கேள்விக்கு வேண்டிய கருவிகள் தமிழ்வழி மாணவரின் கையிலும் இருக்கின்றன. ஆனால் கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இக்கேள்விக்குள், பட்டியல் பெருகப் பெருக விடை காண எவ்வளவு காலம் பிடிக்கும் என்ற கேள்வியும், இரண்டு பதிவுகளை 'ஒன்றே' என்று எதை வைத்துச் சொல்வது என்ற கேள்வியும் அடங்கியிருக்கின்றன. வகுப்பறைகளில் முதலாவது ஓரளவு பேசப்படுகிறது. இரண்டாவது, குறிப்பாகத் தமிழ்ப் பெயர்களைப் பொறுத்தவரை, ஏறத்தாழப் பேசப்படுவதே இல்லை.

வாக்காளர் பட்டியலில் ஒருவர் பெயர் இருமுறை வருவதும், தேர்வு எழுதுவோரில் இருவருக்கு ஒரே பதிவெண் போய்விடுவதும், ஒரே ஊழியருக்குச் சம்பளப் பட்டியலில் இரண்டு வரிகள் இருப்பதும் இரட்டைப் பதிவின் வெவ்வேறு முகங்களே. இவற்றைக் கண்டுபிடிக்கும் மென்பொருள் எதுவாயினும், அதன் அடியில் இந்தத் தொடக்கநிலைப் பயிற்சியே சற்று வளர்ந்த உருவில் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதால், இதனைப் பாடநூல் கணக்கு என்று ஒதுக்கிவிட முடியாது.

ஐந்து எண்கள் கொண்ட 7, 3, 9, 3, 5 என்னும் பட்டியலை ஒருவரிடம் காட்டினால், 3 இருமுறை வந்திருப்பதைக் கண் ஒரு நொடியில் பிடித்துவிடும்; எப்படிப் பிடித்தது என்று கேட்டால் அவரால் விளக்க இயலாது. கணினிக்கு அப்படிப்பட்ட பார்வை கிடையாது. ஒரு நேரத்தில் இரண்டு மதிப்புகளை எடுத்து, அவை சமமா இல்லையா என்று ஒப்பிடுவதே அதற்குத் தெரிந்த வேலை. ஆகவே மாணவர் முதலில் செய்ய வேண்டியது, தம் கண் தானாகச் செய்துவிட்ட வேலையைச் சிறுசிறு ஒப்பீடுகளாக உடைத்துச் சொல்வதாகும். முதல் எண்ணாகிய 7ஐக் கையில் எடுத்து, அதற்குப் பின்வரும் 3, 9, 3, 5 ஆகிய நான்கோடும் ஒப்பிட வேண்டும். எதுவும் பொருந்தவில்லை எனில் இரண்டாம் எண்ணாகிய 3ஐ எடுத்து, அதற்குப் பின்வரும் 9, 3, 5 ஆகியவற்றோடு ஒப்பிட வேண்டும். அவ்வாறு செல்லும்போது ஆறாவது ஒப்பீட்டில் 3ம் 3ம் சந்திக்க, 'உண்டு' என்று சொல்லி நிரல் அங்கேயே நின்றுவிடலாம். ஒரு வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் கட்டளை அமைப்பை மடக்கு என்பர். இங்கே ஒரு மடக்குக்குள் இன்னொரு மடக்கு தேவைப்படுகிறது, வெளிமடக்கு எண்ணை எடுத்துக் கொடுக்க, உள்மடக்கு அதை மற்றவற்றோடு ஒப்பிடுகிறது.

இந்த இடத்தில் தொடக்கநிலை மாணவர் செய்யும் பிழைகள் மிகவும் கூர்ந்து நோக்கத்தக்கவை, ஏனெனில் அவை கவனக்குறைவால் வருபவை அல்ல, சிந்தனையில் உள்ள ஓர் இடைவெளியைக் காட்டுபவை. முதல் பிழை, 'ஒவ்வோர் உறுப்பையும் ஒவ்வோர் உறுப்போடும் ஒப்பிடு' என்று எழுதிவிடுவது. இவ்வாறு எழுதிய நிரலுக்கு 7, 3, 9 என்ற பட்டியலைக் கொடுத்தால், அது முதல் 7ஐ அதே 7ஓடு ஒப்பிட்டு, இரண்டும் சமம் என்று கண்டு, 'இரட்டை உண்டு' என அறிவித்துவிடும். வெறுமையான பட்டியல் ஒன்றைத் தவிர எந்தப் பட்டியலைக் கொடுத்தாலும் அதன் விடை மாறாது. ஓர் எண் தன்னோடு சமமாக இருப்பது வேறு, தன்னைப் போன்ற இன்னொன்று வேறோர் இடத்தில் இருப்பது வேறு என்ற வேறுபாட்டை மனிதர் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. நிரலில் அதைச் சொல்லியே ஆக வேண்டும். உறுப்பின் மதிப்பு ஒருபுறமும், அது பட்டியலில் எத்தனையாவது இடத்தில் நிற்கிறது என்பதைக் காட்டும் சுட்டெண் மறுபுறமும் இருக்க, மதிப்பு ஒன்றாகவும் சுட்டெண் வேறாகவும் இருந்தால்தான் இரட்டை என்று அறிந்துகொண்ட மாணவர், உள்மடக்கை வெளிமடக்கின் சுட்டெண்ணுக்கு அடுத்த இடத்திலிருந்து தொடங்கும்படி மாற்றுகிறார். அந்த ஒரு மாற்றத்தால் பிழை நீங்குவதோடு, ஒரே இணையை இரண்டு திசையிலும் ஒப்பிடும் வீண் வேலையும் ஒழிகிறது.

இரண்டாம் பிழை இதைவிட நுட்பமானது. இரண்டு எண்கள் சமமாக இருந்தால் 'உண்டு' என விடை திருப்பு, இல்லையெனில் 'இல்லை' என விடை திருப்பு என்று மாணவர் மடக்குக்குள்ளேயே எழுதிவிடுகிறார். படிக்கும்போது இது சரியான தமிழாகவும் சரியான தருக்கமாகவும் ஒலிக்கிறது. ஆனால் விடையைத் திருப்பும் கட்டளை நிறைவேறிய அக்கணமே செயற்கூறு முடிந்துவிடும். செயற்கூறு என்பது ஒரு குறிப்பிட்ட வேலைக்காகப் பெயரிட்டு எழுதப்பட்ட நிரல் பகுதி. ஆகவே 7, 3, 9, 3, 5 என்ற பட்டியலில் 7ம் 3ம் சமமில்லை என்று கண்டவுடனேயே, மீதியைப் பார்க்காமல் 'இல்லை' என்று சொல்லி நிரல் வெளியேறிவிடுகிறது. கொடுமை என்னவென்றால், மாணவர் இதை 4, 4, 8 என்ற பட்டியலைக் கொடுத்துச் சோதித்தால் 'உண்டு' என்றும், 1, 2, 3 என்ற பட்டியலைக் கொடுத்துச் சோதித்தால் 'இல்லை' என்றும் சரியாகவே விடை வரும். நிரல் வேலை செய்கிறது என்று நம்பி அவர் அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார். 'உண்டு' என்று சொல்ல ஒரே ஒரு சான்று போதும், 'இல்லை' என்று சொல்ல எல்லாவற்றையும் பார்த்து முடித்திருக்க வேண்டும் என்ற ஏற்றத்தாழ்வை இப்பிழை கற்பிக்கிறது. 'இல்லை' என்ற விடை மடக்குகள் இரண்டும் முடிந்த பின்பே, அவற்றுக்கு வெளியே எழுதப்பட வேண்டும். இதை ஒருமுறை தாமே தடுமாறிக் கண்டவர், பிற்காலத்தில் எந்தச் சோதனை நிரலை எழுதும்போதும் மறப்பதில்லை. இந்தப் பயிற்சியை ஒரே வரியில் முடித்துக் காட்டிவிடும் ஆசிரியர், மாணவருக்கு இந்த அறிவு வாய்க்கும் வழியையும் அடைத்துவிடுகிறார்.

சரியாக எழுதப்பட்ட இரட்டை மடக்கு எந்தப் பட்டியலுக்கும் பிழையற்ற விடை தரும் என்பதில் ஐயமில்லை. அதன் குறை வேகத்தில்தான் இருக்கிறது. பட்டியலில் இரட்டையே இல்லாதபோது நிரல் எல்லா இணைகளையும் பார்த்தாக வேண்டும். ஐந்து உறுப்புகளுக்கு 10 இணைகள், நாற்பது மாணவர் கொண்ட வகுப்புக்கு 780 இணைகள், ஆயிரம் பேருக்கு 4,99,500 இணைகள், ஒரு லட்சம் பேருக்கு ஏறத்தாழ 500 கோடி இணைகள். உறுப்புகளின் எண்ணிக்கையை அதனினும் ஒன்று குறைந்த எண்ணால் பெருக்கி இரண்டால் வகுத்தால் இக்கணக்கு கிடைக்கும். பட்டியல் பத்து மடங்கு நீண்டால் வேலை நூறு மடங்கு பெருகும் என்பதே இதன் உட்பொருள். ஒரு கணினி நொடிக்கு ஒரு கோடி ஒப்பீடுகள் செய்வதாக வைத்துக்கொண்டால், ஆயிரம் பெயர்களை அது கண்ணிமைக்கும் நேரத்தில் முடித்துவிடும். ஒரு லட்சத்துக்கு எட்டு நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும். பத்து லட்சத்துக்கு ஏறத்தாழ பதினான்கு மணி நேரம் ஆகும். பள்ளி ஆய்வகத்தில் இருபது எண்களை வைத்துச் சோதித்தவருக்கு இந்தச் சரிவு கண்ணில் படவே படாது.

வேகக்குறைவை மறைத்துவைக்கும் எழுத்துமுறைகளும் உண்டு. ஒரு மதிப்பு பட்டியலில் எத்தனை முறை வருகிறது என்று எண்ணித் தரும் கவுண்ட் என்னும் வசதி பைத்தானில் உள்ளதால், 'ஒவ்வோர் உறுப்புக்கும் அதன் கவுண்ட் ஒன்றுக்கு மேல் இருந்தால் இரட்டை உண்டு' என்று ஒரே மடக்கில் எழுதிவிடலாம். வரிகள் குறைந்ததால் வேலையும் குறைந்தது போலத் தோன்றுகிறது. உண்மையில் கவுண்ட் ஒவ்வொரு முறையும் பட்டியலை முதலிலிருந்து கடைசிவரை நடந்து பார்க்கிறது. உள்மடக்கு கண்ணுக்கு மறைந்ததே தவிர ஒழியவில்லை. இரட்டையே இல்லாத ஒரு லட்சம் உறுப்புகளுக்கு ஒப்பீடுகள் 500 கோடியிலிருந்து 1,000 கோடியாக உயர்ந்துவிடுகின்றன.

இதிலிருந்து மீளும் பழைய வழி, பட்டியலை முதலில் ஏறுவரிசையில் அடுக்குவது. அடுக்கிய பின் 3, 3, 5, 7, 9 என நிற்கும் பட்டியலில், சமமானவை அடுத்தடுத்தே இருந்தாக வேண்டும் என்பதால், ஒவ்வொன்றையும் அதன் அண்டையில் உள்ளதோடு மட்டும் ஒப்பிட்டால் போதும். விடைத்தாள்களைப் பதிவெண் வரிசைப்படி அடுக்கும் அலுவலருக்கு இரட்டை எண் தானாகவே கையில் சிக்குவது இதே காரணத்தால்தான். அடுக்குவதற்கும் செலவு உண்டு. ஆனால் பட்டியலைப் பாதி பாதியாகப் பிரித்து, அடுக்கிய பாதிகளை இணைத்துக்கொண்டே வரும் முறையை 1945ஆம் ஆண்டிலேயே ஜான் வான் நியூமன் வகுத்துவிட்டார். பைத்தானுக்காக டிம் பீட்டர்ஸ் 2002இல் எழுதிய வரிசையாக்க முறையும் இந்த இணைப்பு உத்தியின் மேல் எழுந்ததே. ஒரு லட்சம் உறுப்புகளை இவ்வழியில் அடுக்க ஏறத்தாழ 17 லட்சம் ஒப்பீடுகள் போதும் என்பதை 500 கோடியின் அருகில் வைத்துப் பார்த்தால், அதன் ஆதாயம் விளங்கும். இங்கேயும் மாணவருக்கு இடறல்கள் காத்திருக்கின்றன: கடைசி உறுப்புக்கு அடுத்த உறுப்பு இல்லை என்பதை மறந்தால் நிரல் பட்டியலின் எல்லையைத் தாண்டிப் பிழைச்செய்தி காட்டி நின்றுவிடும், பைத்தானின் சார்ட் என்னும் கட்டளை பட்டியலை இருந்த இடத்திலேயே கலைத்து அடுக்கிவிட்டு எதையும் திருப்பித் தராது என்பதால், அதன் விளைவை, மதிப்பைச் சேமிக்கும் பெயராகிய ஒரு மாறியில் பிடித்துவைக்க முயல்பவருக்கு வெறுமையே கிட்டும். மூலப் பட்டியலைக் கலைக்காமல் அடுக்கிய நகல் ஒன்றைத் தருவது சார்ட்டட் என்னும் வேறொரு கட்டளை. இரட்டை உண்டா என்று பார்க்கச் சொன்னால் பார்த்துச் சொல்ல வேண்டுமே ஒழிய, கொடுத்தவரின் பட்டியலை மாற்றிவைக்கக் கூடாது என்று டௌனியின் பயிற்சி வெளிப்படையாகவே நிபந்தனை இடுகிறது. அந்த நிபந்தனை மிக நல்ல நிபந்தனை.

மூன்றாவது வழி, அடுக்காமலும் எல்லாவற்றோடும் ஒப்பிடாமலும், ஒவ்வோர் உறுப்பும் போய் அமர வேண்டிய இடத்தை அந்த உறுப்பைக் கொண்டே கணக்கிடுவது. அஞ்சல் நிலையத்தில் கடிதங்களைத் தெருவாரியாகப் பிரித்துப் போட மரச்சட்டங்களால் ஆன சிற்றறைகள் இருக்கும். ஒரு கடிதம் எந்த அறைக்கு உரியது என்பதை அதன் முகவரியே சொல்லிவிடுவதால், மற்ற அறைகளைத் தேட வேண்டியதில்லை. கணினிக்குள்ளும் அவ்வாறே 0 முதல் 9 வரை பத்து அறைகள் இருப்பதாகவும், எண்ணின் கடைசி இலக்கமே அதன் அறை என்றும் வைத்துக்கொள்ளலாம். 47, 32, 89, 12, 47 என்ற பட்டியல் வருகிறது. 47 ஏழாம் அறைக்கும், 32 இரண்டாம் அறைக்கும், 89 ஒன்பதாம் அறைக்கும் போகின்றன; 12 இரண்டாம் அறைக்குப் போகும்போது அங்கே ஏற்கெனவே 32 இருப்பதால் இரண்டையும் ஒப்பிட்டு, வேறு வேறு என்று கண்டு, இரண்டையும் அங்கேயே வைத்துக்கொள்கிறது; இறுதி 47 ஏழாம் அறைக்குப் போய் அங்கிருக்கும் 47ஐச் சந்திக்கிறது. இரட்டை அகப்பட்டது, நடந்த ஒப்பீடுகள் இரண்டே இரண்டு. இவ்வாறு உறுப்பிலிருந்து அறை எண்ணைக் கணக்கிடும் விதிக்கு ஹாஷ் சார்பு என்று பெயர். கொத்திக் கலப்பதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லிலிருந்து அது வந்தது. ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய ஹான்ஸ் பீட்டர் லூன், 1953ஆம் ஆண்டு ஜனவரியில் நிறுவனத்துக்குள் சுற்றுக்கு விட்ட குறிப்பு ஒன்றில் இவ்வகை அறைகளைப் பற்றி எழுதினார். கடன் அட்டை எண்களில் தட்டச்சுப் பிழையைக் கண்டுபிடிக்க இன்றும் பயன்படும் சரிபார்ப்பு இலக்க முறையும் அவருடையதே.

வெவ்வேறு உறுப்புகள் ஒரே அறையில் வந்து சேர்வதை மோதல் என்பர். 32ம் 12ம் இரண்டாம் அறையில் சந்தித்தது அத்தகைய மோதல். அறைகள் நிறைய இருந்தால் மோதல் அரிது என்று எண்ணத் தோன்றும். ஆனால் ஆண்டின் 365 நாள்களையும் 365 அறைகளாகக் கொண்டு, மனிதர்களை அவரவர் பிறந்தநாளில் அமர்த்தினால், வெறும் 23 பேர் கூடிய இடத்திலேயே இருவர் ஒரே நாளில் பிறந்திருக்கும் வாய்ப்பு பாதியைத் தாண்டிவிடுகிறது, 40 பேர் கொண்ட வகுப்பில் அது 89 விழுக்காடாக உயர்கிறது. ஆகவே நல்ல ஹாஷ் முறை மோதலே வராது என்று நம்புவதில்லை. மோதல் வரும் என்று எதிர்பார்த்து, வந்தால் நேரடியாக ஒப்பிட்டு முடிவுசெய்ய ஏற்பாடு செய்துகொள்கிறது, அறைகள் நிரம்பத் தொடங்கினால் பெரிய இடத்துக்கு மாறிக்கொள்கிறது.

பைத்தானின் செட் இந்த அறை முறையில் இயங்குவது. 2004இல் வெளியான 2.4ஆம் பதிப்பு முதல் அது மொழியின் உள்ளமைந்த பகுதியாக இருந்துவருகிறது. கணிதத்தில் கணம் என்று பள்ளியில் படிக்கிறோமே, அதுபோலவே செட்டும் ஓர் உறுப்பை ஒருமுறைக்கு மேல் வைத்துக்கொள்ளாது என்பதால், பட்டியலைச் செட்டாக மாற்றி, இரண்டின் நீளமும் ஒன்றா என்று பார்த்தால் போதும். குறைந்திருந்தால் இரட்டை உண்டு. இதுவே அந்தப் புகழ்பெற்ற ஒரு வரி விடை. இதனினும் சற்று நீண்டதாயினும் மாணவருக்குப் பயன் மிகுந்த வடிவம் ஒன்று உண்டு: 'பார்த்தவை' என்ற பெயரில் வெறுமையான செட் ஒன்றை வைத்துக்கொண்டு, பட்டியலில் உள்ள ஒவ்வொன்றும் பார்த்தவையில் ஏற்கெனவே இருக்கிறதா என்று கேட்டு, இருந்தால் அங்கேயே 'உண்டு' என விடை திருப்பி, இல்லையெனில் அதையும் பார்த்தவையில் சேர்த்துக்கொண்டு செல்வது. ஒரு கோடிப் பெயர்கள் கொண்ட பட்டியலில் இரண்டாம் பெயரே இரட்டையாக இருந்தால், ஒரு வரி நிரல் கோடியையும் செட்டில் போட்ட பிறகே விடை சொல்லும். இந்த வடிவமோ இரண்டாம் பெயரிலேயே நின்றுவிடும். இங்கே 'பார்த்தவை'யைச் செட்டாக அன்றி லிஸ்ட்டாக அமைத்துவிட்டால், 'இதில் உள்ளதா' என்று கேட்கும் கட்டளை எழுத்தளவில் மாறாமலேயே பட்டியல் முழுவதையும் நடந்து தேடத் தொடங்கிவிடும், பழைய 500 கோடி திரும்பி வந்துவிடும். வெறும் நெளிவு அடைப்புக்குறிகளைப் போட்டால் பைத்தானில் கிடைப்பது செட் அல்ல, வேறு வகைத் தொகுப்பாகிய டிக்‌ஷனரி என்பதும் மாணவர் அடிக்கடி தடுக்கி விழும் இடம்.

இரட்டைகளை நீக்குவது இதற்கு அண்டைவீட்டு வேலை. அதில் ஒரே ஒரு பொறியை மட்டும் இங்கே சுட்டினால் போதும். பட்டியலின் மீது மடக்கு ஓடிக்கொண்டிருக்கும்போதே அதிலிருந்து உறுப்புகளை நீக்கினால், பின்னால் இருப்பவை ஓரிடம் முன்னே நகர்ந்துவிட, மடக்கு அடுத்த சுட்டெண்ணுக்குத் தாவி, நகர்ந்து வந்ததைப் பார்க்காமலே விட்டுவிடும். 4, 4, 4, 4 என்ற பட்டியலில் 'கவுண்ட் ஒன்றுக்கு மேல் இருந்தால் நீக்கு' என்று எழுதி ஓட்டினால், ஒன்று மிஞ்ச வேண்டிய இடத்தில் இரண்டு 4கள் மிஞ்சி நிற்கும்.

இதுவரை பேசியவை எல்லாம், இரண்டு மதிப்புகள் சமமா என்ற கேள்விக்குக் கணினி சரியான விடை தரும் என்ற நம்பிக்கையின் மேல் நிற்பவை. எண்களிலேயே அந்த நம்பிக்கை சற்று ஆட்டம் காண்கிறது: பைத்தானுக்கு 1ம், 1.0ம், 'உண்மை', 'பொய்' என்னும் பூலியன் மதிப்புகளுள் 'உண்மை'யும் சமமானவை என்பதால் மூன்றும் செட்டில் ஒன்றாகிவிடும், 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டி வரும் விடை 0.3க்குச் சமமாகாது என்பதால் ஒரே தொகை இரண்டு பதிவாக நிற்கும். தசம எண்களை இரும எண்களாகச் சேமிக்கும்போது வரும் சிறு பிசகே இதற்குக் காரணம். எழுத்துகளுக்கு வந்தால் சிக்கல் இன்னும் ஆழமாகிறது, தமிழ் எழுத்துகளில் அது தனித்தன்மையோடு வெளிப்படுகிறது.

கோமதி என்ற பெயரைத் தமிழர் எவரும் மூன்றெழுத்து என்பர். கணினி அதை யூனிகோட் என்னும் உலகப் பொதுக் குறியீட்டு முறையில், ஒவ்வொரு குறிக்கும் ஓர் எண் வீதம் சேமிக்கிறது. அம்முறையில் உயிர்மெய் எழுத்துக்குத் தனி எண் கிடையாது, ககரத்துக்கு ஓர் எண்ணும் அதன் மேல் ஏறும் உயிர்க்குறிக்கு ஓர் எண்ணும் எனப் பிரிந்தே இருக்கும். ஓகாரக் குறியை இரண்டு விதமாக எழுத அம்முறை இடம் தருகிறது: இரட்டைக் கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியாக ஓர் எண்ணால் எழுதலாம், அல்லது இரட்டைக் கொம்புக்கு ஓர் எண்ணும் காலுக்கு ஓர் எண்ணுமாகப் பிரித்தும் எழுதலாம். முதல் வகையில் கோமதியின் நீளம் 5 என்றும், இரண்டாம் வகையில் 6 என்றும் பைத்தான் சொல்லும். திரையில் இரண்டும் ஒரே உருவில்தான் தெரியும். அச்சிட்டாலும் ஒரே உருவில்தான் வரும். ஆனால் ஒன்றுக்கொன்று சமமா என்று கேட்டால் 'இல்லை' என்பதே விடை. செட்டில் போட்டால் இரண்டு கோமதிகளும் வெவ்வேறு அறைகளைத் தேடிப் போய்த் தனித்தனிப் பதிவுகளாக அமர்ந்துவிடுவர். ஒகரக் குறிக்கும் ஔகாரக் குறிக்கும் இதே நிலை. பிரித்த வடிவம் எங்கோ அரிதாக வருவது என்றும் ஒதுக்க முடியாது: ஆப்பிள் கணினிகளில் நெடுங்காலம் இருந்த ஹெச்எஃப்எஸ் பிளஸ் என்ற கோப்பு முறை கோப்புப் பெயர்களைப் பிரித்த வடிவிலேயே சேமித்தது, கோப்புப் பெயர்களிலிருந்து பட்டியல் தயாரிப்பவருக்கு அந்த வடிவம் சொல்லாமலே வந்து சேரும்.

இதற்கு மருந்து உண்டு. ஒரே எழுத்தின் வெவ்வேறு குறியீட்டு வடிவங்களை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் செயலுக்கு இயல்பாக்கம் என்று பெயர். யூனிகோட் வகுத்த இயல்பாக்க வடிவங்களுள் சேர்த்து எழுதும் வடிவம் என்எஃப்சி எனப்படுகிறது. பைத்தானோடு சேர்ந்தே வரும் யூனிகோட்டேட்டா என்ற நிரல்தொகுதியில் அதற்கான செயற்கூறு இருக்கிறது. ஒப்பிடுமுன் ஒவ்வொரு பெயரையும் அதன் வழியே செலுத்தினால் இரண்டு கோமதிகளும் ஒன்றாகிவிடுவர்.

இயல்பாக்கமும் எட்டாத இடங்கள் உண்டு என்பதை மறைக்கலாகாது. சௌந்தர்யா என்ற பெயரில் ஔகாரக் குறியை இட வேண்டிய இடத்தில், ஒற்றைக் கொம்பையும் அதன் பின் ளகர எழுத்தையும் தட்டி 'செளந்தர்யா' என்று எழுதிவிடுவது மிகப் பரவலான பழக்கம். கண்ணுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. யூனிகோட்டுக்கோ இவை முற்றிலும் வேறான எழுத்துகள், எனவே என்எஃப்சி இவற்றைத் தொடாது. கொம்புக்குப் பின் ளகரம் வரும் இடமெல்லாம் ஔகாரமாக மாற்றிவிடலாம் என்றால், தெளிவும் வெள்ளியும் உருக்குலைந்துபோகும். ளகரத்தின் மேல் உயிர்க்குறியோ புள்ளியோ இல்லாத இடத்தில் மட்டும் மாற்றலாம் என்றால், பேச்சுத்தமிழில் எழுதப்பட்ட 'வெளங்குது' குறுக்கே நிற்கும். பெயர்ப் பட்டியலுக்கு அந்த விதி பெரும்பாலும் பொருந்தும், கதைத் தொகுப்புக்குப் பொருந்தாது. எந்தப் பட்டியல் என்று அறிந்து மனிதரே முடிவுசெய்ய வேண்டும். ஸ்ரீ என்ற எழுத்தின் கதையும் இத்தகையதே. தொடக்கத்தில் அது ஸகரத்தைக் கொண்டு எழுதப்பட்டது. 2005இல் யூனிகோட்டின் 4.1ஆம் பதிப்பில் ஶகரம் தனி எழுத்தாகச் சேர்க்கப்பட்ட பின், அதைக் கொண்டு எழுதுவதே முறை எனப்பட்டது. இரண்டு வழியில் எழுதினாலும் பல எழுத்துருக்களில் ஒரே உருவமே தோன்றுகிறது, இயல்பாக்கம் இரண்டையும் ஒன்றாக்குவதும் இல்லை. ஸ்ரீதர், ஸ்ரீதேவி, ஸ்ரீரங்கம் என்று ஆளுக்கும் ஊருக்கும் அந்த எழுத்து நிறைந்திருக்கும் மொழியில் இதன் விளைவு சிறியதன்று. தமிழ் எண்ணாகிய ௧ ககரத்தைப் போலவே இருப்பதும், பெயருக்கு முன் முதலெழுத்தை இட்டுப் புள்ளிக்குப் பின் இடம் விடுவதா வேண்டாமா என்பதில் ஆளுக்கொரு வழக்கம் இருப்பதும் இதே வரிசையில் சேர்வன.

மறுபுறம், எழுத்துக்கு எழுத்து பொருந்திய இரண்டு பெயர்கள் இரண்டு மனிதர்களாகவும் இருக்கலாம். ஒரே ஊரில் ஒரே முதலெழுத்தோடு இரண்டு கோமதிகள் இருப்பது அபூர்வமன்று. ஆகவே பெயரை மட்டும் வைத்து இரட்டை என்று நீக்கும் நிரல் ஓர் உயிருள்ள மனிதரின் உரிமையையே நீக்கிவிடக்கூடும். பிறந்த தேதி, பெற்றோர் பெயர், முகவரி ஆகியவற்றையும் சேர்த்துப் பார்ப்பதும், சந்தேகத்துக்குரியவற்றை நிரல் பட்டியலிட்டுத் தர மனிதர் நேரில் விசாரித்து முடிவெடுப்பதும் அதனால்தான் இன்றியமையாதவை. 2010 செப்டம்பர் 29 அன்று மகாராஷ்டிரத்தின் நந்துர்பார் மாவட்டத்தில் உள்ள தெம்ப்லி கிராமத்தில் தொடங்கிவைக்கப்பட்ட ஆதார் திட்டம், பெயரை நம்பாமல் விரல்ரேகையையும் கருவிழியையும் கொண்டு ஒவ்வொரு புதிய பதிவையும் பழைய பதிவுகளோடு ஒப்பிடும் வழியை மேற்கொண்டது. ஒரே விரலை இருமுறை பதித்தாலும் இரண்டு பதிவுகளும் முழுமையாக ஒத்திருப்பதில்லை என்பதால், அங்கே 'சமமா' என்ற கேள்விக்கே இடமில்லை. 'எவ்வளவு நெருக்கம்' என்றுதான் கேட்க முடிகிறது, எவ்வளவு நெருங்கினால் ஒன்று எனக் கொள்வது என்ற எல்லையை மனிதரே வகுக்கின்றனர்.

தமிழ்வழியில் நிரலாக்கம் கற்பிக்கும் ஆசிரியர்கள், இப்பயிற்சியில் 7, 3, 9 என்ற எண்களோடு நின்றுவிடாமல், மாணவரின் வருகைப் பதிவேட்டையே பட்டியலாகக் கொடுத்து, அதில் கோமதியை இரண்டு குறியீட்டு வடிவங்களிலும் ஒவ்வொரு முறை சேர்த்து வைக்க வேண்டும். இரட்டை மடக்கு, வரிசையாக்கம், செட் ஆகிய மூன்று வழிகளும் 'இரட்டை இல்லை' என்று ஒருமித்துச் சொல்வதை மாணவர் தம் கண்ணால் காணட்டும். பிறகு இரண்டு பெயர்களின் நீளத்தையும் அச்சிட்டுப் பார்த்து, 5 என்றும் 6 என்றும் வருவது ஏன் என்று அவர்களே கேட்கட்டும். தமிழ்ப் பெயர்களைப் பெற்றுச் சேமிக்கும் மென்பொருளை எழுதுவோர், பெயர் உள்ளே வரும் வாசலிலேயே இயல்பாக்கத்துக்கான அந்த ஒரு வரியைச் சேர்த்துவிட வேண்டும். சேர்த்த பிறகு இரண்டு கோமதிகளின் நீளமும் 5 ஆகவே இருக்கும்.